ஒரு பொருளும் இரு பெயர்களும்: ஐதரொட்சி இந்தோல்கள் அறியப்பட்ட வரலாறு

இந்தோல் என்னும் பெயர் அவுரிச் சாயத்தின் வழிவந்தது. 1866ஆம் ஆண்டில் ஜேர்மன் இரசாயனவியலாளரான அடோல்ப் வொன் பேயர், அவுரி நீலத்திலிருந்து கிடைத்த பொருளொன்றைத் தாழ்த்திப் பெற்ற எளிய மூலக்கூறுக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. ஆறு காபன் அணுக்களாலான பென்சீன் வளையமும், நைதரசன் அணுவொன்றை உள்ளடக்கிய ஐந்து அணு வளையமும் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு பிணைந்திருப்பதே இந்தோலின் அமைப்பாகும். நைதரசனை முதலாம் இடமாகக் கொண்டு வளையத்தைச் சுற்றி எண்ணிடுவது மரபு. இவ்விரட்டை வளையத்தில் ஐதரொட்சிற் கூட்டம் ஒன்று சேரும்போது ஐதரொட்சி இந்தோல் தோன்றுகிறது. ஆயின் அக்கூட்டம் எந்த இடத்திற் சேர்கின்றது என்பதைப் பொறுத்து விளைவு முற்றிலும் மாறிவிடுகின்றது. மூன்றாம் இடத்திற் சேரின் அது இந்தொட்சிலாகும். காற்றுப்பட்டதும் ஒட்சியேறி நீலமாகும் அப்பொருளே சாயத்தொட்டிகளில் மனிதர் நெடுங்காலமாகக் கையாண்டுவந்தது. நான்காம் இடத்திற் கொண்டவை சில காளான்களில் உண்டு. அல்பேட் ஹொப்மன் 1958இற் பிரித்தறிந்த சைலோசின் அவற்றுள் ஒன்று. ஐந்தாம் இடத்தில் ஐதரொட்சிற் கூட்டத்தைக் கொண்டவையே விலங்குடலின் குடலிலும் குருதியிலும் மூளையிலும் இடம்பெறுவன. அவை அறியப்பட்ட வரலாறே இங்கு ஆராயப்படுகின்றது.

அவ்வரலாறு இரு நாடுகளில், ஒன்றையொன்று அறியாத இரு ஆய்வுகூடங்களில், இரு வேறு வினாக்களுடன் தொடங்கியது. ஒரு பொருளை அதன் செயலைக்கொண்டு மட்டும் அறிய முயல்பவர் எவ்வளவு தூரம் செல்லலாம், எங்கே தடைப்பட்டு நிற்க நேரும் என்பதற்கு உயிர் இரசாயனவியலில் இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இத்தாலியிலுள்ள பாவியாப் பல்கலைக்கழகத்தில் 1930களின் நடுப்பகுதியில் விற்றோறியோ எர்ஸ்பாமர் என்னும் இளம் ஆய்வாளர், மாபோ வியாலியுடன் சேர்ந்து, குடற்சுவரிற் காணப்படும் ஒருவகைக் கலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். குரோமிய உப்புக்களால் நிறமேறும் இயல்புடைய அக்கலங்களுள் அடங்கியிருக்கும் பொருள் யாது என்பதே அவர் எழுப்பிய வினா. முயலின் இரைப்பைச் சீதமென்சவ்வை அசற்றோனிற் பிரித்தெடுத்து, அச்சாற்றை உயிர்ப்புள்ள தசைமீது இட்டபோது தசை சுருங்கிற்று. அது அதிரினலீனே என்று சிலர் கருதினர். அதிரினலீன் எலியின் கருப்பையைத் தளர்த்துவது. எர்ஸ்பாமரின் சாறோ அதனைச் சுருக்கிற்று. இத்தகைய வேறுபாடுகளையும் நிறத்தாக்கங்களையும் சான்றாக வைத்து, இது முன்பு அறியப்படாத ஓர் அமீன் என அவர் நிறுவினார். 1937இல் அதற்கு 'என்ரறமின்' என்ற பெயர் இடப்பட்டது. குடலின் அமீன் என்பதே அப்பெயரின் பொருள்.

பெயர் இருந்தது, செயலும் தெரிந்திருந்தது. ஆனால் தூய பளிங்கு கையில் இருக்கவில்லை. எர்ஸ்பாமரின் முறை ஒப்புநோக்கும் முறையாகும். ஒரே பொருளைப் பல விலங்குகளிலே தேடினார். எண்காலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தவளையினங்கள் சிலவற்றின் தோலிலும் அது செறிந்திருப்பதைக் கண்டார். பொருள் எங்கெங்கு உண்டு என்பதை இவ்வாறு விரிவாகக் காட்டிய அவர், அது எத்தகைய மூலக்கூறு என்பதை முற்றாகக் காட்ட மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனைக் குறைபாடாகக் கொள்வது பொருந்தாது. அக்காலத்துக் கருவிகளைக்கொண்டு, மில்லிகிராமினும் குறைந்த அளவுகளில், போர்க்கால இத்தாலியில் ஒருவர் இதற்கு மேற் செய்திருக்க முடியுமா என்பது கேட்கத்தக்க வினா.

மறுபுறம், ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் ஏர்வைன் பேஜ் உயர் குருதியமுக்கத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். குருதி உறைந்தபின் எஞ்சும் நீர்ப்பாயத்தில் குருதிக்கலன்களைச் சுருக்கும் பொருளொன்று தோன்றுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டு முதலே தெரிந்திருந்தது. பேஜின் நோக்கில் அது ஓர் இடையூறு. சிறுநீரகத்தோடு தொடர்புடைய வேறு சுருக்கிகளை அளக்க முயன்ற போதெல்லாம் குறுக்கே வந்து அளவீட்டைக் குழப்பிற்று. ஆகவே அதனை அகற்றும்பொருட்டு முதலில் அதனை அறியவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். இப்பணி இளம் இரசாயனவியலாளரான மொறிஸ் றப்போர்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. புரத வேதியியலில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த ஆர்டா கிறீன் அம்மையாரும் உடன் பணியாற்றினார்.

றப்போர்ட் கையாண்ட வழி எர்ஸ்பாமரின் வழிக்கு நேர்மாறானது. பல விலங்குகளிற் சிறிதளவாகத் தேடுவதை விடுத்து, ஒரே மூலப்பொருளைப் பேரளவில் எடுத்துக்கொண்டார். இறைச்சிக்கூடங்களிலிருந்து பெற்ற மாட்டுக் குருதியின் நீர்ப்பாயம் பல நூறு லீற்றர் கையாளப்பட்டு, ஒவ்வொரு படியிலும் முயலின் காது நாடியிற் சுருக்கும் வலு சோதிக்கப்பட்டு, ஈற்றில் மில்லிகிராம் அளவிலான மங்கிய மஞ்சட் பளிங்குகள் பெறப்பட்டன. 1948இல் இது வெளியிடப்பட்டது. நீர்ப்பாயத்தைக் குறிக்கும் 'சீரம்' என்ற சொல்லையும், கலச்சுவரின் இறுக்கத்தைக் குறிக்கும் 'ரோன்' என்ற சொல்லையும் இணைத்து 'செரற்றோனின்' எனப் பெயரிட்டனர்.

பளிங்கு கிடைத்தபின்னும் ஒரு புதிர் எஞ்சியது. பளிங்கைப் பகுத்தபோது கிடைத்த அணுக்களின் விகிதம் எளிய அமீன் எதற்கும் பொருந்தவில்லை. நைதரசன் மிகுதியாக இருந்தது, கந்தகமும் காணப்பட்டது. தேடிய பொருள் தனித்துப் பளிங்காகவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. நீர்ப்பாயத்தில் இயல்பாகவே உள்ள கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளின் மூலக்கூறு ஒன்றும் சல்பூரிக்கமிலத்தின் மூலக்கூறு ஒன்றும் அதனோடு சேர்ந்து ஒரு கூட்டுப்பளிங்கை உருவாக்கியிருந்தன. இவ்வழிப்போக்கர் இருவரையும் நீக்கிப் பார்த்த பின்னரே உண்மையான விருந்தாளியின் முகம் தெரிந்தது. கிளீவ்லாந்தை விட்டு நீங்கியிருந்த றப்போர்ட், 1949இல் அது 5-ஐதரொட்சித் திரிப்தமீன் ஆகலாம் என்று அமைப்பை முன்மொழிந்தார். அதாவது, இந்தோல் வளையத்தின் ஐந்தாம் இடத்தில் ஐதரொட்சிற் கூட்டமும், மூன்றாம் இடத்தில் இரு காபன் அணுக்களைக் கொண்ட அமீன் சங்கிலியும் உடைய மூலக்கூறு.

இக்குடும்பத்து உறுப்பினர் ஒன்று அதற்கு முன்னரே இரசாயனவியலாளர்க்கு அறிமுகமாகியிருந்தது. தேரையின் தோற்சுரப்பியிலிருந்து பெறப்பட்ட பூபோற்றெனின் என்னும் பொருளின் அமைப்பை ஜேர்மனியில் ஹைன்றிக் வீலன்டும் அவருடன் பணியாற்றியோரும் 1934இல் தெளிவாக்கியிருந்தனர். அது செரற்றோனினின் அமீன் முனையில் இரு மெதயிற் கூட்டங்கள் சேர்ந்த வடிவமே. தேரையின் நஞ்சும் மனிதக் குருதியின் பொருளும் இவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை 1934இல் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

முன்மொழிந்த அமைப்பு சரியா என்பதை நிறுவும் வழி ஒன்றே: அம்மூலக்கூறைச் செயற்கையாகத் தொகுத்து, இயற்கைப் பொருளோடு ஒப்பிடல். 1951இல் அபொட், அப்ஜோன் ஆகிய இரு அமெரிக்க மருந்து நிறுவனங்களின் ஆய்வுகூடங்கள் தனித்தனியே இதனைச் செய்து முடித்தன. தொகுக்கப்பட்ட பொருள் கைக்கெட்டியதும் எர்ஸ்பாமரின் நீண்ட காத்திருப்பும் முடிவுற்றது. 1952இல் அவரும் அசேறோவும் என்ரறமினும் 5-ஐதரொட்சித் திரிப்தமீனும் ஒன்றே எனக் காட்டினர். இரு பெயர்களுள் செரற்றோனினே நிலைத்தது. உண்மையில் இரண்டும் முழுப் பொருத்தமுடையன அல்ல. ஒன்று குடலைக் குறிக்கின்றது, மற்றையது நீர்ப்பாயத்தை. குருதியிலுள்ள பொருளோ குடலிற் பிறந்து குருதிச் சிறுதட்டுக்களிற் சேமிக்கப்பட்டு, குருதி உறையும்போது வெளிப்படுவது. பெயர் அமெரிக்கருக்குரியது, பொருளை முதலிற் கண்டவர் என்ற உரிமை இத்தாலியரையே சாரும். பாடநூல்கள் பலவற்றில் இவ்வரலாறு 1948இலேயே தொடங்குவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி எனலாம்.

இரு பெயர்களும் சுட்டாத மூன்றாம் இடமொன்று அடுத்து வந்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஜோன் வெல்ஷின் மாணவியாக இருந்த பெற்றி ட்வாரொக், கடல் மட்டியின் தசையொன்றை ஆராய்ந்தார். மட்டியின் தசை ஒருமுறை சுருங்கிவிட்டால் நெடுநேரம் அவ்வாறே இறுகி நிற்கும். அவ்விறுக்கத்தைத் தளர்த்தும் நரம்புப்பொருள் செரற்றோனினே என அவர் கண்டார். முதுகெலும்பற்ற உயிரில் நரம்புச்செய்தியைக் கடத்தும் பொருள் முலையூட்டியின் மூளையிலும் இருக்கவேண்டும் என்ற எண்ணத்துடன் பேஜின் ஆய்வுகூடத்தை அடைந்து, அங்கே அதனைக் கண்டறிந்தார். 1953இல் ட்வாரொக்கும் பேஜும் இதனை வெளியிட்டனர். மட்டி பற்றிய முதற்கட்டுரையோ 1954இலேயே அச்சேறியது.

அதே காலத்தில் எடின்பரோவில் ஜோன் காடம், எல்.எஸ்.டி. என்னும் மயக்கப்பொருள் செரற்றோனினின் செயலைத் தடுக்கின்றது என்று காட்டினார். அவர் பயன்படுத்திய சோதனைத் தசை எலியின் கருப்பையே. எர்ஸ்பாமர் அதிரினலீனை விலக்கியறிய உதவியதும் அதுவே. எல்.எஸ்.டி. மூலக்கூறினுள் இந்தோல் வளையம் அடங்கியுள்ளது. இவ்வொற்றுமையை அடிப்படையாக வைத்து, நியூயோர்க் நகரில் வூலியும் ஷோவும் 1954இல், மனநோய்கள் சில மூளையின் செரற்றோனின் குழப்பத்தால் விளையலாம் என்ற கருத்தை வெளியிட்டனர். அமைப்பின் ஒற்றுமையிலிருந்து நோயின் காரணத்துக்குப் பாய்ந்த இவ்வூகம் துணிவானது. அத்துணிவே பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தூண்டியது. பல மிகைக்கூற்றுக்களையும் பெற்றது. உளச்சோர்வு செரற்றோனின் குறைவால் வருவது என்று 1960களின் பிற்பகுதி தொட்டுப் பரவிய கருத்துக்கு உறுதியான சான்று இல்லை என 2022இல் வெளியான விரிவான மீளாய்வு ஒன்று முடிவுகட்டியது, அம்முடிவும் வாதத்துக்குள்ளாகியுள்ளது.

இவ்வூகங்களிலும் நிலைத்த பயன் தந்தது, செரற்றோனினை உடல் எவ்வாறு ஆக்குகின்றது என்ற வினாவே. வினா எளியது போலத் தோன்றும். கேம்பிரிட்ஜில் ஹொப்கின்சும் கோலும் 1901இற் பிரித்தெடுத்த திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்தில் இந்தோல் வளையம் உண்டு. மூன்றாம் இடத்துச் சங்கிலியும் உண்டு. அதிலிருந்து செரற்றோனினை அடைய இரண்டு மாற்றங்களே தேவை: ஐந்தாம் இடத்தில் ஐதரொட்சிற் கூட்டத்தைச் சேர்த்தல், சங்கிலியிலுள்ள காபொட்சிற் கூட்டத்தை அகற்றல். எது முந்தியது, எது பிந்தியது என்பதே சிக்கல். காபொட்சில் முதலில் நீங்கின் இடைப்பொருள் திரிப்தமீனாகும். ஐதரொட்சில் முதலிற் சேரின் இடைப்பொருள் 5-ஐதரொட்சித் திரிப்தோபனாகும்.

பெதெஸ்டாவிலுள்ள அமெரிக்கத் தேசிய இதய நிறுவகத்தில் சிட்னி உடென்பிறென்ட், ஹேர்பேட் வைஸ்பாக் முதலியோர் இதற்கு விடை கண்டனர். 1953இலும் 1954இலும், சிறுநீரகத்திலுள்ள நொதியமொன்று 5-ஐதரொட்சித் திரிப்தோபனின் காபொட்சிலை விரைந்து அகற்றுவதைக் காட்டினர். திரிப்தோபனை அந்நொதியம் பெரிதும் தீண்டவில்லை. கதிர்த்தொழிற்பாடுள்ள காபனைக் கொண்ட திரிப்தோபனைத் தேரைக்குச் செலுத்தியபோது, அதன் தோல் நஞ்சிலுள்ள 5-ஐதரொட்சி இந்தோல்களில் அக்காபன் தோன்றிற்று. இச்சான்றுகள் 1956இல் ஒன்றுதிரட்டி வெளியிடப்பட்டன. ஐதரொட்சில் முதலிலும் காபொட்சிலகற்றல் பின்னரும் நிகழ்கின்றன. பின்னர் மொனோ அமீன் ஒட்சிடேசு என்னும் நொதியம் செரற்றோனினைத் தாக்க, 5-ஐதரொட்சி இந்தோல் அசற்றிக் கமிலம் உண்டாகிச் சிறுநீரில் வெளியேறுகின்றது. பாதை முழுமையும் இவ்வாறு தெளிவாயிற்று.

இங்கே கருவியின் பங்கையும் குறிப்பிடல் தகும். நுண்ணளவை அளக்க எலிக் கருப்பையை நம்பியிருக்கும் வரை, சுருக்கம் எந்தப் பொருளால் விளைந்தது என்ற ஐயம் தீராது. 5-ஐதரொட்சி இந்தோல்களை வன்மையான அமிலத்தில் இட்டு, கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கதிரைச் செலுத்தினால், அவை மஞ்சள் கலந்த பச்சை ஒளியை உமிழும். வேறு உடற்பொருள்கள் பெரும்பாலும் அந்நிலையில் அவ்வொளியைத் தருவதில்லை. இவ்வியல்பை அளக்கத்தக்க நிறமாலைமானியை பௌமனும் உடென்பிறென்டும் 1955இல் உருவாக்கினர். அதுவரை தசையின் சாட்சியத்தை நம்பியிருந்த துறை, அன்று முதல் மூலக்கூறின் சாட்சியத்தையே நேரே கேட்கக்கூடியதாயிற்று.

அந்நொதியம் குறித்த முதற்கணிப்பு பின்னர் திருத்தப்பட வேண்டியதாயிற்று. 5-ஐதரொட்சித் திரிப்தோபனுக்கென்றே அமைந்தது என்று 1954இல் கருதப்பட்ட அக்காபொட்சிலகற்றும் நொதியம், டோப்பா முதலிய பிற அமினோ அமிலங்கள் மீதும் தொழிற்படும் பொதுநொதியமே என்று 1962இல் அதே குழுவினர் காட்டினர். ஆகவே செரற்றோனினுக்கு உரிய சிறப்பு அப்படியில் இல்லை. முதற்படியாகிய ஐதரொட்சிலேற்றத்திலேயே உள்ளது. அம்முதற்படியின் நொதியமோ எளிதில் அகப்படவில்லை. அது ஆக்கும் 5-ஐதரொட்சித் திரிப்தோபன் உடனுக்குடன் அடுத்த நொதியத்தால் மாற்றப்பட்டுவிடுவதால், இழையங்களில் அது தேங்குவதே இல்லை. 1967இல் லவன்பேர்க்கும் உடன் ஆய்வாளரும் கூம்புச்சுரப்பியிலும் மூளைத்தண்டிலும் குடற்கட்டியிலும் திரிப்தோபன் ஐதரொட்சிலேசைத் தெளிவாக அளந்தனர். இரும்பும், மூலக்கூற்று ஒட்சிசனும், தெற்றாஐதரோபயொப்தரின் என்னும் துணைநொதியமும் அதற்குத் தேவை. முழுப்பாதையின் வேகத்தையும் கட்டுப்படுத்துவது இதுவே.

பாதை தெரிந்ததும், முன்னர் தனித்தனியே நின்ற செய்திகள் பல பொருள்பெற்றன. கிராஸ் நகரில் பிரெட் லெம்பெக் 1953இல், கார்சினோயிட் எனப்படும் குடற்கட்டியில் செரற்றோனின் மிகுந்திருப்பதைக் கண்டிருந்தார். இத்தகைய நோயாளர் சிலரது முகம் அடிக்கடி சிவந்துபோகும், வயிற்றோட்டமும் உண்டாகும். சிலருக்கு நிக்கொற்றினிக்கமிலக் குறைவால் வரும் தோல்நோயும் கண்டது. கட்டிக்கும் விற்றமின் குறைவுக்கும் என்ன தொடர்பு? உணவிலுள்ள திரிப்தோபனில் நூற்றுக்கு ஒரு பங்களவே சாதாரண உடலிற் செரற்றோனினாகின்றது. பெரும்பகுதி வேறு பாதையிற் சென்று, அதில் ஒரு சிறு பகுதி நிக்கொற்றினிக்கமிலமாகின்றது. பரந்து வளர்ந்த கட்டியோ திரிப்தோபனிற் பாதிக்கு மேலும் தன்பக்கம் இழுத்துவிடக்கூடும். எஞ்சுவது புரதத்துக்கும் விற்றமினுக்கும் போதாமற் போகின்றது. செரற்றோனினின் செயலை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் இக்குறைவுக்கு விளக்கம் கிடைத்திருக்காது. அது பிறக்கும் வழியை அறிந்தபோதே கிடைத்தது.

அந்நோயை அறியச் சிறுநீரிலுள்ள 5-ஐதரொட்சி இந்தோல் அசற்றிக் கமிலத்தை அளக்கும் எளிய சோதனை 1955இற் புகுத்தப்பட்டது. சில ஆண்டுகளுள், நோயற்ற சிலரிலும் அளவு உயர்ந்து காணப்படுவது கவனிக்கப்பட்டது. காரணம் வாழைப்பழமே என 1958இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வாழைப்பழத்தில் செரற்றோனின் நிறைய உண்டு. சதையிலும் பார்க்கத் தோலில் அதிகம். இச்சோதனைக்கு முன்னர் வாழைப்பழம் உண்ணலாகாது என்ற விதி இன்றும் வைத்தியசாலைகளிற் பின்பற்றப்படுகின்றது. அப்பழத்தின் செரற்றோனின் மனநிலையை உயர்த்தும் என்று அவ்வப்போது எழுதப்படுவதற்கு அடிப்படை இல்லை. உடலில் உள்ள செரற்றோனினில் மிகப் பெரும் பகுதி குடலிலேயே உள்ளது. குருதியிலிருந்து அது மூளைக்குட் புகுவதில்லை. 5-ஐதரொட்சித் திரிப்தோபன் புகக்கூடியது, திரிப்தோபனும் புகக்கூடியது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. குடலுக்கும் மூளைக்கும் தனித்தனித் திரிப்தோபன் ஐதரொட்சிலேசு உண்டென்பது 2003இல் பேர்லினிற் செய்யப்பட்ட ஆய்வால் வெளிப்பட்டது. குடல் வடிவத்துக்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் குருதியிற் செரற்றோனின் அரிதாகியும், மூளையிற் பெரும்பாலும் குறையாதிருந்தது. குடலின் அமீன் என்றும் மூளையின் அமீன் என்றும் பிரித்துக் காண்பது ஒருவகையில் மீண்டும் பொருத்தமாயிற்று. மூலக்கூறு ஒன்று, ஆக்கும் தொழிற்கூடங்கள் இரண்டு.

தெற்காசியாவும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு பெறுகின்றது. இந்திய வைத்திய மரபில் நெடுங்காலமாகப் பயன்பட்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தினர் 1952இல் றெசர்ப்பீனைப் பிரித்தெடுத்தனர். அதுவும் இந்தோல் வளையமுடையதே. மனத்தை அடக்கும் அம்மருந்து செலுத்தப்பட்ட விலங்கின் மூளையிலும் குடலிலும் செரற்றோனின் சேமிப்பு வெறுமையாவதைப் பிளெற்சர், ஷோர், புரொடி ஆகியோர் 1955இற் கண்டனர். மூளைப்பொருளொன்றின் அளவுக்கும் ஒரு மருந்தின் விளைவுக்கும் தொடர்பு காட்டிய முதல் ஆய்வுகளுள் அது ஒன்றாகும். மூன்று ஆண்டுகளின் பின், ஆரொன் லேர்ணர் மாட்டின் கூம்புச்சுரப்பியிலிருந்து மெலற்றோனினைப் பெற்றார். செரற்றோனினின் அமீன் முனையில் அசற்றைற் கூட்டமும் ஐந்தாம் இடத்து ஐதரொட்சிலில் மெதயிற் கூட்டமும் சேர அது பிறக்கின்றது.

விலங்குகளிற் கண்ட ஒழுங்கு தாவரங்களுக்கும் பொருந்துமென்று பலர் எண்ணியிருந்தனர். தாவரங்களில் செரற்றோனினின் இருப்பு புதிதன்று; தொட்டால் அரிப்புண்டாக்கும் பூனைக்காலியின் சுணையில் அது உண்டென 1954இலேயே கண்டறியப்பட்டது. அவ்வரிப்புக்குப் பெரும் காரணம் சுணையிலுள்ள புரதச்சிதைப்பு நொதியமே என்பது மறுவருடம் தெளிவாயிற்று. ஆனால் தாவரம் அதனை எவ்வாறு ஆக்குகின்றது என்பது நெடுநாள் தெளிவற்றிருந்தது. நெற்பயிரை ஆராய்ந்தோர் கண்ட ஒழுங்கு விலங்கின் ஒழுங்குக்கு மறுதலையானது. நெல்லிலே முதலிற் காபொட்சில் நீங்கித் திரிப்தமீன் தோன்றுகின்றது. ஐதரொட்சில் அதன் பின்னரே ஐந்தாம் இடத்திற் சேர்கின்றது. அவ்விரண்டாம் படியின் நொதியத்துக்குரிய பரம்பரையலகு, அதனை இழந்த விகாரப் பயிர்களை ஆராய்ந்ததன் மூலம் 2010இல் இனங்காணப்பட்டது. அத்தகைய பயிர்களின் இலைகளில் நோய்க்காலத்தில் திரிப்தமீன் தேங்கிவிடுகின்றது. இயல்பான பயிரிலோ அது செரற்றோனினாக மாறி, பூஞ்சணம் தாக்கிய இடத்தைச் சூழவுள்ள கலச்சுவர்களிற் படிந்து இலையைக் காக்கின்றது.